கார்டு பாயிண்டில் டிக்கெட்: எல்லைப்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரெடிட் கார்டு பாயிண்டிலேயே டெல்லி போய் வந்தேன் என்று கோயம்புத்தூர் ஆபீஸில் யாரோ சொல்லியிருப்பார்கள். கேரள எல்லையிலிருக்கும் வேலந்தாவளம் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் நம் ஆள் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: எந்த கார்டு வாங்கலாம்? கேள்வியே தலைகீழ். எங்கே போகப் போகிறோம், எத்தனை பேர், எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கார்டு அப்புறம். கார்டை முதலில் வாங்கியவர்களிடம் நாலு வங்கியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாயிண்ட் கிடக்கும். ஒரு டிக்கெட்டுக்கும் அது போதாது.

போகும் இடத்தைப் பார்த்துக் கார்டு

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் நம் ஆட்களுடைய பயணம் பெரும்பாலும் நான்கு வகைதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில். கோயம்புத்தூரில் ஏறி சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி என்று உள்நாட்டு விமானம். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளையையோ வீட்டுக்காரரையோ பார்த்துவர ஷார்ஜா, அபுதாபி. அப்புறம், ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் சிங்கப்பூர். நான்குக்கும் சேர்த்து ஒரே கார்டு என்பது நடக்காது.

ரயில்தான் என்றால் ஐஆர்சிடிசியும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து தரும் கார்டைப் பாருங்கள். அதில் ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய் டிக்கெட், கணக்கு நேரானது. ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி வகுப்பு டிக்கெட் எடுத்தால்தான் பாயிண்ட் தாராளமாக ஏறும். பாலக்காடு ஜங்ஷனில் ஏறி ஸ்லீப்பரிலேயே போய்வரும் குடும்பத்துக்கு அதில் பெரிய லாபம் கிடையாது, விட்டுவிடலாம்.

உள்நாட்டு விமானத்துக்கும் வளைகுடாவுக்கும், வங்கியின் சொந்தப் பயணத் தளத்திலோ ஆப்பிலோ பாயிண்டைப் பணமாகக் கழித்துக்கொள்ள விடும் கார்டு நல்லது. கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா போவது ஏர் அரேபியா, அபுதாபி போவது இண்டிகோ. இரண்டுமே குறைந்த கட்டணக் கம்பெனிகள். இந்த மாதிரி டிக்கெட்டுக்கு விமான மைல் (விமானக் கம்பெனி தன் உறுப்பினர்களுக்குத் தரும் பாயிண்ட்) சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண். வங்கித் தளத்தில் அன்றைய விலைக்கு டிக்கெட்டை எடுத்து, பாயிண்டைக் கழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

சிங்கப்பூர் விஷயம் வேறு. கோயம்புத்தூரிலிருந்து போவது ஸ்கூட், கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து போவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஹெச்டிஎஃப்சி, ஆக்ஸிஸ் போன்ற வங்கிகளின் மேல்தட்டு கார்டுகளில் சேரும் பாயிண்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலாக மாற்றி, அந்த மைலில் சீட் எடுக்கலாம். ஆனால் நம் ஊரிலிருந்து நெடும்பாசேரி என்றால் வடக்கஞ்சேரி வழியாகப் பன்னியங்கரை டோல், குதிரான் சுரங்கம், பாலியேக்கரை டோல் என்று மூன்று மணி நேரமாவது காரில் உட்கார வேண்டும். டாக்ஸிக்கே சில ஆயிரம் போய்விடும். இலவச டிக்கெட் கணக்கில் அந்தப் பணத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். சில சமயம் கோயம்புத்தூரில் காசு கொடுத்து ஸ்கூட்டில் ஏறுவதே மலிவாக முடியும்.

பாயிண்ட் யாருடைய காசு

நீங்கள் கடையில் 100 ரூபாய்க்கு கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் கைக்கு முழு நூறும் போவதில்லை. அவரிடமிருந்து ஒன்றரை, இரண்டு ரூபாய் என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் கொஞ்சத்தைத்தான் வங்கி உங்களுக்குப் பாயிண்டாகத் திருப்பித் தருகிறது. மீதிச் செலவை ஈடுகட்டுவது வட்டி. பில்லை முழுசாகக் கட்டாமல் இழுத்தடிப்பவர்களின் வட்டியில்தான் முழுசாகக் கட்டுபவர்கள் பறக்கிறார்கள். கேட்க நன்றாக இல்லை, ஆனாலும் ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் இருக்கப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. மாதம் 30,000 ரூபாய் கார்டில் செலவு, அதற்கு இரண்டு சதவீதம் பாயிண்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600, வருடம் 7,200 ரூபாய். நல்லதுதான். இப்போது ஒரே ஒரு மாதம் கை சுருங்கி, பில்லில் ‘மினிமம் ட்யூ’ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று போட்டிருக்கும் 1,500 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள். மீதி 28,500 ரூபாய்க்கு மாதம் 3.75 சதவீத வட்டி என்றால் 1,069 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 192 ரூபாய். ஆக 1,261. இரண்டு மாதம் சேர்த்த பாயிண்ட் அங்கேயே போச்சு. இதுகூடக் குறைத்துப் போட்ட கணக்கு, ஏனென்றால் வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்து ஓடும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. அதனால் பில்லை முழுசாகக் கட்ட முடியுமா என்று சந்தேகம் இருப்பவர்கள், ஏற்கெனவே கார்டு பாக்கி வைத்திருப்பவர்கள் இதை இப்போதைக்கு மறந்துவிடலாம். முதலில் பாக்கி தீரட்டும்.

முதல் கார்டு கையில் வர

சம்பளச் சீட்டு இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. சம்பளம் விழும் வங்கியிலேயே கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நம் பக்கம் தென்னந்தோப்பு, காய்கறி வியாபாரம், தறி என்று ரொக்க வருமானக்காரர்கள் அதிகம். வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர் விண்ணப்பித்தால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். அவர்களுக்கு நல்ல வழி, வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு அதன்பேரில் கார்டு வாங்குவது. ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் வாவ் கார்டு இந்த வகை. 20,000 ரூபாய் போட்டாலே தரும் வங்கிகள் இருக்கின்றன. டெபாசிட்டுக்கு வட்டி அதுபாட்டுக்கு ஏறும், கார்டை ஒரு வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தினால், கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் ஸ்கோரும் ஏறும்.

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை போகும். 750க்கு மேல் இருந்தால் தைரியமாகக் கேட்கலாம். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம், அதற்குக் காசு கேட்கும் ஆப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அறிக்கையில் உங்கள் கடன்களோடு, மச்சானுக்கோ பங்காளிக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் நிற்கும். அவர் தவணை தவறினால் அடி உங்கள் ஸ்கோருக்கு. கார்டு கேட்கும் முன்னால் இந்த ஒரு இடத்தை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எல்லைப்பக்கத் தொல்லை, பின்கோடு. பெரிய வங்கிகள் கூடச் சில பின்கோடுகளுக்குக் கார்டு அனுப்புவதில்லை. ஆதாரில் கேரள முகவரி, வேலை கோயம்புத்தூரில் என்று இருப்பவர்கள் அலுவலக முகவரியைக் கொடுத்து அங்கே கார்டை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு உண்மையான அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ இருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டு முகவரியைத் தன் முகவரி என்று எழுதிக் கொடுப்பது வேண்டாத வேலை.

மால்களில் மேஜை போட்டு நிற்கும் பையன்கள் ‘லைஃப்டைம் ஃப்ரீங்க’ என்பார்கள். வருடக் கட்டணம் என்ன, எவ்வளவு செலவு செய்தால் அது தள்ளுபடி என்பதை வங்கியின் இணையதளத்தில் நீங்களே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 499 என்று எழுதியிருந்தால் ஜிஎஸ்டியோடு 589 ரூபாய். பிடிக்காமல் போனால் மூடச் சொல்லலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. கஸ்டமர் கேரில் இழுத்தால் இந்த விதியைச் சொன்னாலே வேலை நடக்கும்.

ஒரு பாயிண்ட் எத்தனை பைசா

இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் பாதி வழி வந்த மாதிரி. விளம்பரத்தில் ‘பத்து மடங்கு பாயிண்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எஸ்பிஐயின் சிம்ப்ளிகிளிக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், வங்கியோடு கூட்டு வைத்திருக்கும் விற்பனைத் தளங்களில் பத்து. அந்த வங்கியின் பல கார்டுகளில் நான்கு பாயிண்டுக்குத்தான் ஒரு ரூபாய், அதாவது பாயிண்ட் 25 பைசா. பத்து மடங்கு என்பது நூற்றுக்கு இரண்டரை ரூபாய். சாதாரணச் செலவுக்கு நூற்றுக்கு வெறும் கால் ரூபாய்.

ஆலுவாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்கேப்பியா கார்டில் இன்னொரு விதம். செலவுக்குப் பத்து சதவீதம் காயின் என்பார்கள். ஐந்து காயின் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். ஆக நிஜத்தில் இரண்டு சதவீதம். அது மோசமில்லை, வருடக் கட்டணம் இல்லாத கார்டுக்கு நல்ல கணக்குதான். காயினை அவர்களுடைய ஆப்பிலேயே விமானம், ஹோட்டல் என்று பயணத்துக்குக் கழிக்கலாம். வெளிநாட்டில் தேய்த்தால் பல கார்டுகள் பிடிக்கும் மூன்றரை சதவீத மார்க்அப், அதாவது நாணயம் மாற்றும் கட்டணமும் இதில் இல்லை. சிங்கப்பூரில் போய் முஸ்தபா கடையில் பை நிறைய வாங்கப் போகிறவர்களுக்கு, பாயிண்டை விட அந்த மார்க்அப் மிச்சம்தான் பெரிய லாபம்.

எந்த கார்டானாலும் இதே கேள்விதான்: 100 ரூபாய் செலவு செய்தால், நான் எடுக்கப்போகும் டிக்கெட்டில் எத்தனை ரூபாய் குறையும்? மிக்ஸி, சூட்கேஸ் என்று வங்கி காட்டும் பரிசுப் பட்டியலில் அதே பாயிண்டின் மதிப்பு பெரும்பாலும் இன்னும் இறங்கிவிடும். அதன் பக்கமே போக வேண்டாம்.

வீட்டுச் செலவில் எது ஏறும், எது ஏறாது

பாயிண்டுக்காகப் புதிதாக ஒரு செலவும் செய்யக் கூடாது. எப்படியும் போகிற காசு கார்டு வழியாகப் போனால் போதும். ஆனால் எல்லாக் காசும் பாயிண்டாகாது, இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள்.

பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் கிடையாது. கார்டில் கட்டினால் மேலே சேரும் ஒரு சதவீத சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வார்கள், அவ்வளவுதான். நம் ஆட்கள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது பழைய வழக்கம். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டதிலிருந்து அந்த வழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. கார்டு தரும் எந்தச் சலுகையையும் விட அதுவே பெரிய மிச்சம். வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, ஈஎம்ஐயாக மாற்றிய பொருள், அரசுக் கட்டணங்கள் இவற்றுக்கும் பல கார்டுகளில் பூஜ்யம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேஎஸ்இபி மின் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் போன்றவற்றுக்கு வங்கிக்கு வங்கி விதி மாறும். சிலவற்றில் உச்சவரம்பு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியின் சொந்தத் தளத்தில் கட்டினால் ஏறும், நடுவில் ஒரு ஆப் வழியாகக் கட்டினால் ஏறாது, மேலே ஒரு சதவீதம் கட்டணமும் விழும் என்ற வகை விதிகளும் உண்டு. கார்டு வந்த அன்றே அந்த விலக்குப் பட்டியலை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான்.

மளிகைக்கு வருவோம். பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பிரச்சினை இல்லை. தெருமுனைக் கடையில் கார்டை நீட்டினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். “ஏனுங்கக்கா, கார்டுன்னா நூத்துக்கு ரெண்டு சேருங்க. ஜிபே பண்ணீருங்க.” அவர் கேட்கும் இரண்டு ரூபாயும் உங்களுக்கு வரும் இரண்டு ரூபாயும் சரியாகப் போய்விட்டது. அதற்கு ரூபே கிரெடிட் கார்டு ஒரு வழி. அதை யுபிஐ ஆப்பில் இணைத்துவிட்டால் கடையின் க்யூஆரை ஸ்கேன் செய்து கிரெடிட் கார்டிலிருந்தே கட்டலாம். அப்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருப்பது வியாபாரிக்கான க்யூஆராக இருந்தால் பணம் போகும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரைப் பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டு போகாது, வேறு கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அங்கே அவரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. யுபிஐ வழியில் தரும் பாயிண்ட் விகிதமும் பல கார்டுகளில் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண நகை, ஓணம் சீசனில் வாங்கும் ஃபிரிட்ஜ், டிவி, இதுமாதிரி பெரிய செலவுகள்தான் பாயிண்டை ஒரேயடியாக ஏற்றும். சொந்தக்காரர்களுக்காகக் கார்டைத் தேய்த்துவிட்டு அவர்களிடம் பணமாக வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இங்கே உண்டு. சின்னத் தொகைக்குச் சரி. வருடத்தில் ஒரு வங்கியின் கார்டு பில்லுக்கு 10 லட்சத்துக்கு மேல் கட்டினாலோ, ரொக்கமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினாலோ வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். மூன்று லட்சம் வருமானம் காட்டியவர் 11 லட்சம் பில் கட்டியதற்கு விளக்கம் சொல்ல நேரும். அதுவும் போக, ‘அடுத்த வாரம் தர்றேன் மாப்ள’ என்ற வார்த்தையை நம்பி வங்கி பில் தேதியைத் தள்ளிப்போடாது.

குறிக்கு (சீட்டுக்கு) கட்ட வேண்டிய தவணைக்காக ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பெரும்பாலான கார்டுகளில் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே எடுப்புக் கட்டணம், பாயிண்ட் ஒன்றும் இல்லை.

தேதியும் பில்லும்

பில் போடும் தேதி 5, கட்ட வேண்டிய தேதி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் தேதி வாங்கியதற்கு அடுத்த மாதம் 25 வரை, சுமார் 50 நாள் கிடைக்கும். 4ஆம் தேதி வாங்கினால் மூன்று வாரம்தான். பெரிய செலவைப் பில் போட்ட மறுநாளுக்குத் தள்ளினால் நிம்மதி. சம்பளம் வரும் தேதியோடு பில் தேதி ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தில் ‘முழுத் தொகை’, ‘மினிமம் தொகை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

லிமிட் ஒரு லட்சம் என்றால் மாதம் முப்பதாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்வது சிபிலுக்கு நல்லது.

பில்லின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். போன மாத இருப்பு, இந்த மாதம் சேர்ந்தது, கழித்தது, கடைசியில் காலாவதி ஆகப்போவது எவ்வளவு என்று வரிசையாக எண்கள். கட்ட வேண்டிய தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் அந்தப் பெட்டியையும் பாருங்கள். பல வங்கிகளில் இரண்டு அல்லது மூன்று வருடத்தில் பாயிண்ட் செத்துப்போகும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ஏறிய பாயிண்டும் இறங்கும்.

பெயர், இனிஷியல், பாஸ்போர்ட்

இதை எழுதும் வழிகாட்டிகள் குறைவு. ஆனால் நம் ஊரில் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். தமிழ்வழியில் படித்தவருடைய சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். அதே வீட்டில் மலையாளப் பள்ளியில் படித்த தம்பிக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் ஒரு விதம், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு விதம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக ஒரு விதம். கிரெடிட் கார்டில் எது அச்சாகும் என்பது வங்கி எந்த ஆவணத்தைப் பார்த்தது என்பதைப் பொறுத்தது.

பாயிண்டை விமானக் கம்பெனி மைலாக மாற்றும்போது, கார்டில் இருக்கும் பெயரும் விமானக் கம்பெனி உறுப்பினர் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே உறுப்பினர் கணக்கைத் திறக்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடியே போடுங்கள். கார்டில் பெயர் வேறாக இருந்தால், பாயிண்ட் சேரத் தொடங்கும் முன்பே வங்கியில் சொல்லித் திருத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் திருத்தப் போனால் ஆவணம் அனுப்பு, சரிபார்க்கிறோம் என்று நாள் இழுக்கும், அதற்குள் சீட் போய்விடும்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் வளைகுடா போவதானால் இன்னும் கவனம் வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இலவச டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் திரும்பி வருவதை விட, முன்கூட்டியே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வது மேல்.

டிக்கெட் எடுக்கும் நாள்

வங்கித் தளத்தில் எடுப்பது எளிது. ஆனால் அதே விமானம் விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று பக்கத்திலேயே திறந்து பாருங்கள். வங்கித் தளத்தில் 600 ரூபாய் கூடுதலாக இருந்தால் உங்கள் பாயிண்டின் மதிப்பு அந்த அளவுக்கு இறங்கியது என்று பொருள். பாயிண்டைக் கழிப்பதற்கே 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கும் வங்கிகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்காமல் சேர்த்துக் கழித்தால் அது ஒருமுறையோடு போகும்.

மைலாக மாற்றுவதாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் விமானக் கம்பெனித் தளத்தில் உள்ளே போய், நீங்கள் போகும் தேதிக்கு மைல் சீட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மட்டுமே பாயிண்டை மாற்ற வேண்டும். மாற்றிய மைலைத் திரும்பப் பாயிண்டாக்க முடியாது. மாற்றம் உடனே வரும் என்றும் சொல்ல முடியாது, சில நாள் ஆகலாம். பள்ளி விடுமுறை, ஓணம், தீபாவளி வாரங்களில் மைல் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏறக்குறைய ஒரு வருடம் முன்னாலேயே சீட் திறந்துவிடும், அப்போதே பிடிப்பவர்களுக்குத்தான் அந்த வாரங்கள். நம் வீடுகளில் பள்ளி மாணவர்கள் இல்லையென்றால் ஜூலையிலோ பிப்ரவரியிலோ போங்கள், நிம்மதியாகக் கிடைக்கும்.

இலவசம் என்றாலும் கையிலிருந்து கொஞ்சம் போகும். மைல் டிக்கெட்டில் விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் அது சில ஆயிரம் வரை வரும்.

பாயிண்டைத் தங்கம் மாதிரி பத்திரப்படுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தங்கம் ஏறும், இது இறங்கும். விஸ்தாரா விமானக் கம்பெனி 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு கலந்தபோது, கிளப் விஸ்தாராவில் சேர்த்து வைத்திருந்தவர்களின் பாயிண்டெல்லாம் ஏர் இந்தியாவின் திட்டத்துக்குப் போனது. அந்தத் திட்டமே இப்போது மகாராஜா கிளப் என்று பெயர் மாறிவிட்டது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று வருட ஆயுள். வங்கிகளும் விதியை அடிக்கடி மாற்றுகின்றன, மாற்றம் நமக்குச் சாதகமாக வந்து பார்த்ததில்லை. டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் செலவழித்துவிடுவதுதான் சரி.

‘உங்கள் பாயிண்ட் இன்று காலாவதி’

பாயிண்ட் சேர்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் இப்படி ஒரு எஸ்எம்எஸ் வரும். 7,850 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் இரவு 12 மணியோடு போய்விடும், இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று இருக்கும். சில சமயம் வாட்ஸ்அப்பில் வங்கியின் லோகோவோடு ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்). அழுத்தமான மலையாளத்திலோ நல்ல தமிழிலோ பேசிக்கொண்டு போனும் வரும். இவற்றில் எதையும் தொட வேண்டாம். பாயிண்டைப் பார்க்க ஒரே இடம், நீங்களே திறக்கும் வங்கி ஆப். ஃபைலைத் திறந்துவிட்டாலோ ஓடிபி சொல்லிவிட்டாலோ தாமதிக்காமல் வங்கியை அழைத்துக் கார்டைப் பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். கேரளத்திலிருந்து அழைத்தாலும் தமிழ்நாட்டு சிம்மிலிருந்து அழைத்தாலும் எண் ஒன்றுதான். ஓடிபி கொடுத்த பிறகு நடந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம்வரை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே முதலில் வங்கிக்குப் போன், அப்புறம் மற்றவர்களிடம் புலம்பல்.

டிக்கெட் எடுத்து முடித்ததும் ரத்து விதியைப் படித்து வையுங்கள். பாயிண்டும் பணமும் கலந்து எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால், பணம் எவ்வளவு திரும்பும், பாயிண்ட் பாயிண்டாகவே வருமா, வங்கித் தளத்தின் கட்டணம் போக மீதிதானா என்பது தளத்துக்குத் தளம் வேறு. பயணம் உறுதியாகாத மாமனார், மாமியாருக்கு எடுக்கிறீர்கள் என்றால் அவர்களுடைய டிக்கெட்டைத் தனி பிஎன்ஆரில் எடுங்கள். அவர்கள் வரவில்லை என்றாலும் உங்கள் டிக்கெட் கலையாமல் நிற்கும்.